ஓடைக்கரையில் ஒளிந்து வாழும் குள்ள நீர்யானை

குள்ள நீர்யானை மேற்கு ஆப்பிரிக்காவின் மழைக்காடுகளுக்கே உரிய விலங்கு. லைபீரியா, சியரா லியோன், கினி, ஐவரி கோஸ்ட் ஆகிய நான்கு நாடுகளில் மட்டுமே இன்று எஞ்சியிருக்கிறது. நைஜீரியாவில் வாழ்ந்த துணையினம் அற்றுப்போய்விட்டதாகவே கருதப்படுகிறது. காடுகளில் உள்ள முதிர்ந்த விலங்குகள் 2,500-க்கும் குறைவு என்பது மதிப்பீடு. பன்னாட்டுச் செம்பட்டியல் இதை அழியும் ஆபத்திலுள்ள இனமாக வகைப்படுத்தியுள்ளது.

பெரிய நீர்யானை ஒரு டன்னைத் தாண்டும். குள்ள நீர்யானையோ 180 முதல் 275 கிலோதான். கூட்டமாக வாழாது. பகலில் ஓடையிலோ சதுப்பிலோ கிடந்து, இருட்டியதும் காட்டுக்குள் ஏறி இலை, பெரணி, உதிர்ந்த பழங்களை மேயும். இதன் தோல் வெயிலில் எளிதில் வறண்டுவிடும். அதனால் நிழலும் ஈரமும் சேர்ந்த இடத்தில்தான் இதனால் வாழ முடியும். புதர்களுக்கிடையே குகைபோல் குடைந்த தடமும், செடிகளின்மேல் வாலால் சிதறியடித்த சாணமும்தான் பெரும்பாலும் கண்ணில் படும், விலங்கு படாது. ஆறேழு மாதச் சினைக்குப் பின் ஒரே குட்டி பிறக்கும். தாய் அதைப் புதரில் மறைத்துவிட்டு, மேய்ச்சலுக்கு நடுவே வந்து பாலூட்டும். ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டி என்பதால், இழந்த எண்ணிக்கை சீக்கிரம் மீள்வதில்லை.

மரம் வெட்டுதல், கோகோ, ரப்பர், எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள், தங்கச் சுரங்கங்கள் ஆகியவை காட்டைத் துண்டாடுகின்றன. சுரங்கக் கழிவு ஓடைகளைக் கலக்குகிறது. இறைச்சிக்காகவும் இந்த விலங்கு வேட்டையாடப்படுகிறது. மரம் வெட்டப் போட்ட பாதையே வேட்டைக்காரருக்கும் வழியாகிவிடுகிறது.

ஐவரி கோஸ்ட்டின் தாய் தேசியப் பூங்காவும், லைபீரியாவின் சாப்போ தேசியப் பூங்காவும் இதன் முக்கியப் புகலிடங்கள். தாய் பூங்கா 1982-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. கூச்சமுள்ள இந்த இரவு விலங்கைக் கணக்கிட, தடங்களையும் தானியங்கிக் கேமராக்களையுமே ஆய்வாளர்கள் நம்பியிருக்கிறார்கள்.

உலகெங்கும் உயிரியல் பூங்காக்களில் இது நன்றாக இனம்பெருகுகிறது. நெருங்கிய உறவுக்குள் இணைசேராதிருக்க, ஒவ்வொரு விலங்கின் வம்சாவளியும் சுவிட்சர்லாந்தின் பாசல் பூங்கா பராமரிக்கும் பதிவேட்டில் எழுதப்படுகிறது. 2024-இல் தாய்லாந்தில் பிறந்த மூ டெங் என்ற குட்டி இந்த இனத்தை உலகறியச் செய்தது. ஆனால் கூண்டில் பிறக்கும் குட்டி காட்டுக்கு ஈடாகாது. ஓடையின் இரு கரைகளிலும் மரங்களை வெட்டாமல் விடுவது, துண்டான காடுகளை மரங்கள் நிறைந்த வழித்தடங்களால் இணைப்பது, காட்டையொட்டிய ஊராருக்கு வேட்டையை நம்பாத பிழைப்பைத் தருவது ஆகியவையே இதைக் காக்கும்.