உங்களுக்குத் தெரியுமா? இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம்!
இறக்கத்தில் காரை நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை இது. இன்றைய இன்ஜெக்‌ஷன் கார்களில் நடப்பது நேர்மாறு. கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றும். உடனே காரின் கணினி எரிபொருளை அடியோடு நிறுத்திவிடும். வேகம் நன்றாகக் குறைந்த பிறகுதான் மறுபடி திறக்கும். நியூட்ரலிலோ, இன்ஜின் அணையாமலிருக்கவே சிறிய காருக்கு மணிக்குச் சுமார் அரை லிட்டர் வேண்டும்.

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிறவர்களுக்கு இதைவிட முக்கியமான காரணம் உண்டு. நியூட்ரலில் மொத்தப் பாரமும் பிரேக்கின் மேல்தான் விழும். கொண்டை ஊசி வளைவுகளில் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். சாவியை அணைத்து உருட்டுவது இன்னும் ஆபத்து. சமதரையிலும், சிவப்பு விளக்கு தூரத்தில் தெரிந்ததுமே கியரை மாற்றாமல் காலை மட்டும் எடுங்கள்.