டவரை விடுங்கள்... காதருகே உள்ள போனைக் கவனியுங்கள்!

உத்திரமேரூர் வயல்வெளியில் ஒரு செல்போன் டவர் எழுந்தால், கூடவே எழும் கேள்வி: 'கதிர்வீச்சு உடம்பைக் கெடுக்காதா?'

எக்ஸ்ரே கதிர், செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ-வையே உடைக்கும். செல்போனின் ரேடியோ அலைக்கு அந்தச் சக்தி கிடையாது. உடம்பிலுள்ள நீர் மூலக்கூறுகளை அசைத்து, லேசாகச் சூடேற்றும். உறுதியாகத் தெரிந்த விளைவு இதுதான்.

2011-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இதைச் சந்தேகப் பட்டியலில் வைத்தது. ஆனால், அந்நிறுவனத்துக்காகத் தயாராகி 2024-ல் வெளியான ஆய்வுத் தொகுப்பில், மூளைப் புற்றுநோயுடன் தொடர்பு தெரியவில்லை. டவர் அலைகளுக்கான வரம்பை 2012-லேயே சர்வதேச அளவில் பத்தில் ஒன்றாகக் குறைத்தது இந்தியா.

டவரிலிருந்து தூரம் இருமடங்கானால், அலையின் வலிமை கால் பங்காகிவிடும். போனோ காதோடு ஒட்டியிருக்கிறது. சிக்னல் ஒரு கோடாகக் குறைந்தால், எட்டாத டவரை எட்டுவதற்காக போன் தன் சக்தியைக் கூட்டும். ஆக, டவர் தள்ளியிருக்கும் ஊரில்தான் போன் அதிகம் கதிர்வீசும்!

சிக்னல் குறைந்த இடத்தில் ஸ்பீக்கரிலோ இயர்போனிலோ பேசுங்கள். *#07# அழுத்தினால் பல போன்களில் 'எஸ்.ஏ.ஆர்' அளவு தெரியும். அது 1.6-ஐத் தாண்டக் கூடாது. குழந்தையின் தலையணைக்கு அடியில் போன் வேண்டவே வேண்டாம்.