பல்லுறையும் நரம்பு நோவும்

புத்தர்பிரானின் புனித தந்தத்தைப் போற்றிப் பேணும் கண்டி மாநகரிலிருந்து மேற்கே ஏறக்குறைய ஆறு கிலோமீற்றர் தொலைவில், மகாவலி கங்கை வளைந்தோடும் பள்ளத்தாக்கிலே பேராதனை அமைந்துள்ளது. இலங்கைப் பல்கலைக்கழகம் 1952ஆம் ஆண்டில் இங்கு இடம்பெயர்ந்தது. கொழும்பில் நடைபெற்றுவந்த பல்வைத்தியக் கல்வியும் அப்பத்தாண்டிலேயே இங்கு வந்து சேர்ந்தது. அன்றுதொட்டு நெடுங்காலமாக, இந்நாட்டிற் பயின்ற பல்வைத்தியர்கள் பேராதனையிலேயே உருவாயினர். 1990களின் பிற்பகுதியில் ஜப்பானிய நாட்டின் உதவியுடன் எழுந்த பல் போதனா வைத்தியசாலை இன்று அக்கல்வியின் நடுவிடமாக விளங்குகின்றது.

இத்தகைய வைத்தியசாலைகளிற் பல்வைத்தியர் அடிக்கடி செவிமடுக்கும் முறைப்பாடொன்றினை ஈண்டு ஆராய்வோம். பழுதுற்ற பல்லைச் சுற்றிலும் செதுக்கி, அதன்மேல் உலோகத்தாலோ பீங்கானாலோ ஆன உறையொன்றைப் பொருத்துவர். இதனைக் 'கிறவுன்' என்றும் 'கப்' என்றும் மக்கள் வழங்குவர்; இக்கட்டுரையில் பல்லுறை என்போம். நோவின்றி இருந்த பல், உறை பொருத்திய பின்னர் குளிர்நீர் பட்டாற் கூசுகின்றது. அல்லது கடிக்கும்போது குத்துகின்றது. அல்லது நள்ளிரவில் துயிலைக் கலைக்கின்றது. உடனே, 'நரம்பு கெட்டுவிட்டது' என்ற அச்சம் எழுகின்றது. சிலர் அவ்வச்சத்தினால் காப்பாற்றக்கூடிய பல்லையே பிடுங்கிவிடுமாறு வேண்டுகின்றனர். வேறு சிலரோ பொறுத்துப் பொறுத்திருந்து, பிடுங்குதலன்றி வேறு வழியில்லாத நிலையை அடைகின்றனர். இவ்விரு தவறுகளுக்கும் இடைப்பட்ட நெறி யாது என்பதே நமது வினா.

முதலிற் சொல்லைத் தெளிதல் வேண்டும். தமிழில் நரம்பு என்னுஞ் சொல் பல பொருள் தருவது. யாழின் தந்தியும் நரம்பு. வெற்றிலையில் ஓடும் கோடும் நரம்பு. தசையைப் பிணிக்கும் நாரும் நரம்பு. ஊசி ஏற்றும் குருதிக் குழாயையும் பேச்சு வழக்கில் நரம்பு என்றே கூறுகின்றோம். பல்லைப் பற்றிப் பேசும்போதும் இவ்வொரு சொல் இரு வேறு உறுப்புகளைச் சுட்டுகின்றது. ஒன்று, பல்லின் உள்ளே இருக்கும் பற்கூழ். மற்றையது, தாடை எலும்பினூடே சென்று உதட்டுக்கும் நாடிக்கும் உணர்ச்சி தரும் பெருநரம்பு. பல்லுறை வேலையினால் ஊறுபடக்கூடியது பெரும்பாலும் முன்னதே. பின்னது ஊறுபடுவது அரிது. இரண்டிற்கும் அறிகுறிகள் வேறு, பரிகாரங்களும் வேறு. 1847இல் யாழ்ப்பாணம் வந்து, பின்னர் மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்த டாக்டர் சாமுவேல் கிறீன், கலைச்சொற்களை அமைப்பதில் அத்துணை உழைப்பினைச் செலவிட்டமைக்குக் காரணம் இதுவே. சொல் மயங்கின் நோயும் மயங்கும்.

பல்லின் அமைப்பை நோக்குவோம். வெளியே எனாமல் என்னும் கடினமான போர்வை. அதனுள் டென்ரீன் என்னும் மஞ்சள் நிறப் பகுதி. அதன் நடுவே சிறு அறையொன்றினுள் குருதிக் குழாய்களும் நுண்ணரம்புகளும் நிறைந்த பற்கூழ். எனாமலுக்கு உணர்ச்சி இல்லை. டென்ரீனோ கண்ணுக்குப் புலனாகாத நுண்குழல்களால் ஆனது. பற்கூழின் அருகே ஒரு சதுர மில்லிமீற்றர்ப் பரப்பில் 45,000க்குக் குறையாத நுண்குழல்கள் உண்டு. அவற்றினுள் நீர்மம் நிரம்பியுள்ளது. குளிரோ காற்றோ படும்போது அந்நீர்மம் அசைந்து உள்ளிருக்கும் நரம்பு நுனிகளைத் தூண்டுவதாற் கூச்சம் பிறக்கின்றது என்பதனைச் சுவீடன் நாட்டு அறிஞர் பிரான்ஸ்ட்ரம் 1960களில் விளக்கினார். அவ்விளக்கமே இன்றும் ஏற்கப்படுகின்றது.

பற்கூழுக்கு இயற்கை விதித்த இடர் ஒன்றுண்டு. கையிற் காயம்பட்டால் அவ்விடம் வீங்குகின்றது. வீங்குவதற்குத் தோலும் தசையும் இடங்கொடுக்கின்றன. பற்கூழோ கல்லறை போன்ற சுவர்களுக்குள் அடைபட்டது. அழற்சியுற்றால் வீங்க இடமின்றி அமுக்கம் மிகுகின்றது. அழற்சி சிறிதாயின் பற்கூழ் தானே தேறும். பெரிதாயின் குருதியோட்டம் குன்றிச் சிறிது சிறிதாக மடியும். பல்லுக்கொதியின் கொடுமைக்கும் இவ்வடைப்பே காரணம்.

இனி, பல்லுறை பொருத்தும் முறையைக் காண்போம். முழு உறை ஒன்றிற்கு இடமுண்டாக்குவதற்கு ஈற்றின் மேலே தோன்றும் பல்லில் மூன்றில் இரண்டு பங்களவு செதுக்கப்படுதலும் உண்டு. எனாமல் நீங்க, பல்லாயிரம் நுண்குழல்கள் வாய் திறந்து நிற்கும். பின்னர் அச்செடுத்து உறையை ஆக்குவர். பொன்னுறை ஆக்குதற்கு மெழுகில் உருவமைத்து, மண்காப்பிட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை வார்ப்பர். இம்முறையை அமெரிக்கரான வில்லியம் தகற் என்பவர் 1907இற் பல்வைத்தியத்திற் பரப்பினார். சோழர் காலத்துத் தச்சர் நடராசத் திருமேனிகளை வார்த்ததும் இம்மெழுகு வார்ப்பு நெறியினாலேயே என்பது நம்மவர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

செதுக்கும் கருவி 1957ஆம் ஆண்டில் பெருமாற்றம் கண்டது. காற்றினாற் சுழலும் புதுக்கருவி நிமிடத்திற்கு ஏறத்தாழ 3,00,000 முறை சுழன்றது. வேலை விரைவாயிற்று, ஆனால் உராய்வினால் எழும் வெப்பம் பற்கூழுக்குப் பகையாயிற்று. 1965இல் ஸாக், கோஹன் என்னும் ஆய்வாளர் இருவர் குரங்குகளின் பற்களைச் சூடேற்றி ஆராய்ந்தனர். பற்கூழின் வெப்பநிலை 5.5 பாகை செல்சியஸ் உயர்ந்தபோது நூற்றுக்கு 15 பற்கூழ்கள் மீளவில்லை. 11 பாகை அளவில் உயர்ந்தபோது நூற்றுக்கு 60 மீளவில்லை. மனிதரின் பற்கூழ் இதனினும் தாங்குவலிமை உடையதெனப் பிற்கால ஆய்வுகள் சில கூறினும், செதுக்கும்போது நீர் தெளித்துக் குளிர்வித்தல் வேண்டும் என்னும் விதி மாறவில்லை. கருவியுடன் நீர் பீச்சப்படுவது வாயைக் கழுவுவதற்கன்று, பற்கூழைக் காப்பதற்கேயாம்.

எனினும், நோவு வந்தமை ஒன்றே வைத்தியரின் பிழைக்குச் சான்றாகாது. உறை வேண்டி நிற்கும் பல், சூத்தையாலும் முன்னர் அடைத்த அடைப்புகளாலும் வெடிப்புகளாலும் ஏற்கெனவே நலிந்த பல்லாகும். பலமுறை அடிபட்ட பற்கூழுக்கு உறைவேலை இறுதி அடியாக அமைந்துவிடுகின்றது. 2005இல் வெளியான ஹொங்கொங் ஆய்வொன்று, உயிருள்ள பற்கூழின்மேற் பொருத்தப்பட்ட தனி உறைகளை ஆராய்ந்து, பத்தாண்டு நிறைவில் நூற்றுக்கு ஏறக்குறைய 84 பற்கூழ்கள் உயிருடன் இருந்தமையைக் கண்டது. இடைவெளியை நிரப்பும் பாலத்தைத் தாங்கிய பற்களில் அத்தொகை ஏறக்குறைய 71 ஆகக் குறைந்தது. பெரும்பாலான பற்கள் தப்புகின்றன, தப்பாதனவும் உண்டு. ஆதலால் உறைவேலைக்கு முன்னரே எக்ஸ்கதிர்ப் படமெடுத்துப் பற்கூழின் நிலையைச் சோதித்தலும், பின்னாளில் வேர்ச்சிகிச்சை வேண்டப்படலாம் என்பதை நோயாளிக்கு உரைத்தலும் வைத்தியர் கடனாகும். அதனை வினவுதல் நோயாளியின் உரிமையாகும்.

இனி, நோவின் மொழியை அறிவோம். அது நால்வகைப்படும் எனலாம்.

முதலாவது, குளிர் பட்ட மாத்திரத்தில் மின்னிச் சில வினாடிகளில் மறையும் கூச்சம். இது பற்கூழ் சினந்துள்ளது, ஆயினும் தேறக்கூடியது என்பதன் குறி. நாட்கள் செல்லச் செல்லக் குறைந்து சில வாரங்களில் நீங்குமாயின் அஞ்ச வேண்டியதில்லை.

இரண்டாவது, கடிக்கும்போது மட்டும் எழும் நோவு. பல்வேரையும் எலும்பையும் இணைக்கும் மெல்லிய நார்ப்படலம் மில்லிமீற்றரில் ஐந்திலொரு பங்கு தடிப்பினதே. ஆயினும் பல்லிடையே ஒரு தலைமயிர் அகப்பட்டாலும் அது நமக்கு உணர்த்திவிடும். உறை அணுவளவு உயர்ந்திருப்பினும் ஒவ்வொரு கடியிலும் அப்படலம் நசுங்கும். நிறத்தாளைக் கடிக்கச் செய்து, உயர்ந்த இடத்தைக் கண்டு தேய்த்துவிட்டாற் போதுமானது. சில நிமிட வேலையால் தீரும் இந்நோவை 'நரம்பு கெட்டது' எனக் கருதி மாதக்கணக்கிற் சுமப்போர் உளர். இவ்வாறு சீர்செய்தும் கடிநோவு நீங்காதாயின் பல்லில் வெடிப்பு உண்டோ என ஆராய்தல் வேண்டும்.

மூன்றாவது, சூடான தேநீர் பட்டு எழுந்து, தேநீர் இறங்கிய பின்னும் நிமிடக்கணக்கில் நீடிக்கும் நோவு. காரணமின்றித் தானே எழுவது. படுத்தவுடன் மிகுந்து உறக்கத்தைக் கெடுப்பது. சில வேளைகளிற் குளிர்நீரை வாயில் வைத்திருந்தால் மட்டும் தணிவது. இது பற்கூழ் மீளாநிலையை அடைந்தமைக்குக் குறி. இங்கு காத்திருத்தலாற் பயனில்லை. நோயுற்ற கூழை நீக்கி, வேரின் குழாயைத் துப்புரவாக்கி அடைக்கும் வேர்ச்சிகிச்சையே தகும். இதற்காக உறையை எறிந்துவிட வேண்டும் என்பதில்லை; பல வேளைகளில் உறையிற் சிறு துளையிட்டு அதனூடாகவே சிகிச்சை செய்து, பின்னர் துளையை அடைத்துவிடுவர். இதனை அறியாமையால், பணம் வீணாயிற்று என வருந்திப் பல்லையும் இழப்போர் பலர்.

நான்காவது வகை மிக வஞ்சகமானது. அது நோவின்மையே. பல நாள் வருத்திய பல் ஒருநாள் திடீரென அமைதியாகின்றது. நோயாளி தெய்வத்திற்கு நன்றி கூறுகின்றார். ஆனால் அவ்வமைதி, பற்கூழ் மடிந்தமையால் விளைந்ததாகவும் இருக்கலாம். குளிருக்குப் பல் சிறிதும் கூசாமை, தட்டினால் நோதல், ஈற்றிலே சிறு கொப்புளம் தோன்றிச் சீழ் கசிதல் ஆகியன வேரின் அடியிற் கிருமி பெருகுவதற்கு அறிகுறிகள். முகமோ கழுத்தோ வீங்கிக் காய்ச்சலும் விழுங்கற் கடினமும் மூச்சுத் தடையும் சேருமாயின் அது உயிருக்கே இடராம். ஒரு நாளேனும் தாமதித்தல் ஆகாது.

இவை யாவும் பற்கூழைச் சார்ந்தன. பெருநரம்பின் ஊறோ வேறு வகையில் வெளிப்படும். மரப்பூசியின் வலு நீங்க வேண்டிய சில மணி நேரம் கழிந்தும் கீழுதட்டின் ஒரு பாதியோ நாடியோ நாவின் ஒரு பக்கமோ மரத்துக் கிடக்கும். அல்லது எறும்பூர்வது போலவும் எரிவது போலவும் தோன்றும். இது ஊசி நுனி நரம்பைத் தீண்டியதாலும் நேரலாம். கீழ்த்தாடைப் பற்களின் வேரை நிரப்பிய மருந்து எல்லை கடந்து நரம்புக் கால்வாயை அடைந்ததாலும் நேரலாம். ஊசியால் நேர்வன பெரும்பாலும் சில வாரங்களில் தாமே தேறுகின்றன. மருந்து கடந்து சென்றதாயின் அதனை விரைந்து அகற்ற வேண்டியிருக்கும். ஆதலின் மரப்பு மறுநாளும் நீங்காவிடின் அன்றே வைத்தியரிடம் கூறுதல் வேண்டும்.

இன்னும் ஒரு மயக்கத்தை நீக்குதல் அவசியம். முகம் கழுவும்போதோ பல் துலக்கும்போதோ, கன்னத்தைத் தொட்ட அளவில், மின்னல் தாக்கினாற் போன்று ஒரு பக்கத்தே சில வினாடிகள் பாயும் கொடிய நோவொன்று உண்டு. இதனை 1773இல் ஆங்கில வைத்தியர் ஜோன் பொதர்கில் விவரித்தார். முகநரம்பு நோயாகிய இது பல்லில் எழுவது போலத் தோன்றுவதால், ஒன்றன்பின் ஒன்றாக நல்ல பற்களைப் பிடுங்குவித்தோர் உளர். பற்கள் போயின, நோவு போகவில்லை. இந்நோய்க்குக் கார்பமசெப்பின் என்னும் மருந்து பயன் தருவது 1962இல் அறிவிக்கப்பட்டது. இன்றும் அதுவே முதன் மருந்தாக விளங்குகின்றது. படமும் சோதனையும் பல்லிற் குற்றம் காட்டாதபோது பல்லைப் பிடுங்குதல் பரிகாரமாகாது.

அவ்வாறாயின் நோயாளி செய்யத்தக்கது யாது? வைத்தியரிடம் 'நரம்பு கெட்டுவிட்டது' என முடிவைக் கூறாது, கண்டதைக் கூறுதல் வேண்டும். நோவு எப்போது எழுகின்றது? சூட்டாலா, குளிராலா, கடியாலா? தூண்டுதல் நீங்கிய பின் எத்தனை வினாடி நீடிக்கின்றது? இரவில் எழுப்புகின்றதா? உதடு மரத்துள்ளதா? நாளும் நேரமும் குறித்துச் சென்றால் பாதி நோய் அங்கேயே விளங்கிவிடும். கண்டிப் பகுதித் தோட்டங்களில் விளையும் கராம்பின் எண்ணெய் நோவைச் சற்றே தணிக்குமாயினும், நோயைத் தீர்க்காது. மிகையாகப் பூசினால் ஈற்றைப் புண்ணாக்கும். நோவு மாத்திரையை விழுங்குவதன்றிப் பல்லருகே ஒதுக்கி வைத்தலும் தீது.

நோய் இன்னதென ஆய்ந்து, அதன் காரணத்தை ஆய்ந்து, பின்னர் அதனைத் தணிக்கும் வழியை நாடுக என்பது வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் வகுத்த ஒழுங்கு. பல்லுறையின் கீழ் எழும் நோவுக்கும் அவ்வொழுங்கே பொருந்தும். நோவு பகையன்று, அது பல் விடுக்கும் ஓலை. அதனைப் படிக்காது கிழித்தெறிதலும் தவறு. படிக்குமுன்னரே அஞ்சி ஓடுதலும் தவறு. ஓலையைப் படிக்கக் கற்ற நோயாளியும், அதனைப் பொறுமையுடன் செவிமடுக்கும் வைத்தியரும் ஒன்றுகூடுமிடத்து, பிடுங்கப்படவிருந்த பற்கள் பல பிழைக்கும் என்பது திண்ணம்.