மூன்று துளை ஷூவும் இரண்டு துளை லாடமும்

செகந்திராபாத், ஹைதராபாத் இரட்டை நகரங்களில் வேலை பார்க்கும் தமிழர்களில் சைக்கிள் மிதிக்காதவர் குறைவு. அம்பத்தூரில் 1949-ல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியின் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளில் ஏறித்தான் நம்மவர்களில் பலர் பள்ளிக்கூடம் போனார்கள். அந்த வண்டிக்குத் தனிச் செருப்பு எதுவும் தேவைப்பட்டதில்லை. ரப்பர் கட்டை பெடலில் வெறுங்காலை வைத்தாலும் சரி, ஹவாய் செருப்பை வைத்தாலும் சரி, வண்டி ஓடியது.

இப்போது காலம் மாறியிருக்கிறது. வெளிவட்டச் சாலையை ஒட்டி, மேலே சூரிய ஒளித் தகடுகளைக் கூரையாக வேய்ந்த சைக்கிள் பாதை 2023 அக்டோபர் 1-ம் தேதி திறக்கப்பட்டது. நானக்ராம்கூடாவிலிருந்து போலீஸ் அகாடமி வரை ஒரு கிளை, நார்சிங்கியிலிருந்து கொல்லூர் வரை மற்றொரு கிளை எனத் திறப்பு விழாவின்போது அதன் மொத்த நீளம் 23 கிலோமீட்டர். அகலம் நாலரை மீட்டர். கூரையிலிருந்து 16 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டம் அது. அதற்கும் முன்பே, 2002 தேசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி உஸ்மானியா பல்கலைக்கழக வளாகத்தில் சைக்கிள் பந்தயத் திடல் அமைந்துவிட்டது. நீண்டதூரப் பயணம் போகும் குழுக்களும் நகரில் உண்டு. ஆகவே, வாரம் ஆறு நாள் ஃபைல் பார்க்கும் குமாஸ்தாவும், பட்டறையில் ஷிப்டு முடித்த தொழிலாளியும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கியர் சைக்கிளில் கிளம்புவது இன்று அதிசயமில்லை.

இவர்களில் பலர் தடுக்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு. அது காலணி.

வாங்கிய பிறகு வரும் வினை

பந்தய சைக்கிளுக்கென்று விற்கும் ஷூ விலை அதிகம். எனவே நண்பர் கழித்துவிட்ட ஷூவையோ, துபாயிலிருந்து மைத்துனர் கொண்டுவந்த ஷூவையோ போட்டுக்கொள்கிறார்கள். பெடலை வேறொருவரிடம் பழைய விலைக்கு வாங்குகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. "செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிப்பதா?" என்று நம் ஊரில் கேட்பார்கள். இங்கே காலைத் தறிப்பதில்லை. ஷூவின் அடியில் டிரில் போட்டுத் துளைக்கப் போய்விடுகிறார்கள். பணம் வீணாவது ஒரு பக்கம். சரியாகப் பிடிக்காத ஷூ ஓட்டத்தின் நடுவே கழன்றாலும் ஆபத்து. சிக்னலில் கழலாமல் மாட்டிக்கொண்டாலும் ஆபத்து. கோணலாகப் பொருந்திய ஷூவோ மெள்ள மெள்ள முழங்காலைக் கெடுக்கும்.

ஆனால் பெரும்பாலான சமயங்களில் ஷூவையும் மாற்ற வேண்டாம், பெடலையும் மாற்ற வேண்டாம். இடையிலுள்ள சிறு உறுப்பை மாற்றினாலே போதும்.

பெயரில் ஒரு குழப்பம்

இந்தப் பெடல்களுக்குக் 'கிளிப்லெஸ்' என்று பெயர். கிளிப் இல்லாதது என்று பொருள். ஆனால் காலை இறுகக் கவ்விக்கொள்வதே இதன் வேலை. பிறகு ஏன் இந்தப் பெயர்? முன்பு பந்தய வீரர்கள் பெடலின் முன்புறம் ஒரு கூண்டு வைத்து, தோல் வாரினால் பாதத்தை இறுக்கிக் கட்டினார்கள். அந்தக் கூண்டுக்குத்தான் கிளிப் என்று பெயர். அது இல்லாமலே காலைப் பிடிக்கும் பெடல் என்பதால் இந்தப் பெயர் வந்தது.

பனிச்சறுக்குக் கட்டைகளில் பூட்ஸைப் பூட்டும் கருவி செய்துவந்த 'லுக்' என்ற பிரெஞ்சுக் கம்பெனி, அதே உத்தியை 1984-ல் சைக்கிள் பெடலுக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டு பெர்னார் இனோ அந்தப் பெடலை மிதித்து டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை ஐந்தாம் முறையாக வென்றார். அதன் பிறகு தோல் வாரின் காலம் முடிந்தது. ஜப்பானின் ஷிமானோ கம்பெனி 1990 வாக்கில் மலைப்பாதை சைக்கிளுக்கு 'எஸ்.பி.டி.' என்ற சிறிய வகையைக் கொண்டுவந்தது. பிற்பாடு சாலைப் பந்தயத்துக்கு 'எஸ்.பி.டி.-எஸ்.எல்.' வந்தது. பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் இவை இரண்டும் வேறு. ஒன்றின் உறுப்பு மற்றொன்றில் ஏறாது.

ஷூவின் அடியில் திருகி வைக்கும் உறுப்பைக் 'கிளீட்' என்கிறார்கள். மாட்டுக் குளம்பில் அடிக்கும் லாடத்தைப் போல் என்று வைத்துக்கொள்ளலாம். பெடலின் ஸ்பிரிங் வாய் கவ்வுவது இந்த லாடத்தைத்தான். குதிகாலை வெளிப்புறமாகத் திருப்பினால் அது கழன்றுகொள்ளும்.

துளையை எண்ணுங்கள்

ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். முக்கோணமாக மூன்று துளை இருந்தால் அது சாலைப் பந்தய ஷூ. பள்ளத்தில் பக்கம் பக்கமாக இரண்டு துளை இருந்தால் அது எஸ்.பி.டி. வகை, நடக்கவும் தோதானது. சில ஷூக்களில் இரண்டு அமைப்பும் சேர்ந்தே இருக்கும். நான்கு துளையுள்ள ஷூ அபூர்வம். அது 'ஸ்பீட்பிளே' என்ற அமெரிக்கப் பெடலுக்கு உரியது.

லுக் டெல்டா, லுக் கியோ, ஷிமானோ எஸ்.பி.டி.-எஸ்.எல். ஆகிய மூன்றுக்கும் ஷூவில் வேண்டியது அதே மூன்று துளைதான். எனவே கியோ பெடலை விட்டு ஷிமானோ பெடலுக்கு மாறுகிறவர் புது ஷூ வாங்க வேண்டியதில்லை. லாடத்தை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் ஒன்றின் லாடத்தை மற்றொன்றின் பெடலில் பூட்டக் கூடாது. ஒரே கம்பெனியின் டெல்டாவும் கியோவும்கூட ஒன்றுக்கொன்று சேராது.

நிறத்திலும் ஒரு பொறி உண்டு. ஷிமானோவில் சிவப்பு லாடம் என்றால் கால் சற்றும் அசையாது. நீலம் 2 டிகிரி, மஞ்சள் 6 டிகிரி அசைய இடம் தரும். லுக் கியோவில் இது தலைகீழ். அங்கே கறுப்பு அசையாது. சாம்பல் நாலரை டிகிரி, சிவப்பு 9 டிகிரி அசையும். ஒரு கம்பெனியின் நிறப் பழக்கத்தில் மற்றொரு கம்பெனியின் லாடத்தைக் கேட்டு வாங்கினால் கஷ்டப்படுவது முழங்கால்தான். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அசைய இடம் தரும் வகையே உகந்தது.

இடைத் தகடு

துளைக் கணக்கு ஒத்துவராதபோது இடைத் தகடு கைகொடுக்கும். மூன்று துளை ஷூவில் இரண்டு துளை எஸ்.பி.டி. லாடம் ஏற வேண்டுமானால், மூன்று போல்ட்டில் ஷூவோடு பிடித்து, நடுவில் இரண்டு மரைத் துளை கொண்ட தகடு விற்கிறது. வேலை நடக்கும். ஆனால் சாலை ஷூவின் அடிப்பாகம் வழுவழுப்பானது, பள்ளம் கிடையாது. சிறிய இரும்பு லாடம் வெளியே துருத்தி நிற்பதால் மொசைக் தரையிலும் ஸ்டேஷன் படிக்கட்டிலும் வழுக்கும். இருபுறமும் ரப்பர் மேடு வைத்த தகடு கிடைத்தால் அதையே வாங்குவது நல்லது.

ஸ்பீட்பிளேயில் ஸ்பிரிங் பெடலில் இல்லை; ஷூவிலுள்ள லாடத்துக்குள் இருக்கிறது. அதை மூன்று துளை ஷூவில் பிடிப்பதற்கான அடித்தகடும், ஷூவின் வளைவுக்கு முட்டுக் கொடுக்கும் சில்லுகளும் லாடத்தோடு வரும். வளைவுக்கேற்ற சில்லை வைக்காமல் இறுக்கினால் லாடம் கோணி, உள்ளே கால் புகவும் கழலவும் மறுக்கும்.

இரண்டு துளை ஷூவில் சாலை லாடத்தை ஏற்றுவது மட்டும் வேண்டாத வேலை. இரண்டே போல்ட்டில் அகலமான லாடத்தைத் தாங்கவைப்பது உறுதியாக இராது. நடக்கும் சௌகரியமும் போய்விடும். அதைவிடப் பெடலை மாற்றுவது மேல்.

புதிதாகத் துளை போடுவதும் தவறு. கார்பன் அடிப்பாகத்தைத் துளைத்தால் இழை பிளந்துபோகும். நைலானில் துளைத்தால் உள்ளே மரை பிடிக்க எதுவும் இராது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் வேலை கற்றுவந்த கைகாரர்களால்கூட வாரையும் தையலையும்தான் சீர்செய்ய முடியும்.

பொருத்தும் முறை

கோட்டி பக்கம் ஈசாமியா பஜார் சைக்கிள் கடைகளில் பொருத்தித் தரச் சொல்லலாம். வீட்டிலும் செய்யலாம். வேண்டியவை ஓர் ஆலன் கீ, கொஞ்சம் கிரீஸ், ஒரு பென்சில்.

பழைய லாடத்தைக் கழற்றும் முன் அதைச் சுற்றிக் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். ஆலன் கீ நிற்கும் குழியில் அடைந்த மண்ணை ஊசியால் குத்தி எடுக்காமல் திருகினால் போல்ட்டின் தலை தேய்ந்து, பிறகு எதற்கும் அசையாது. புது போல்ட்டின் மரையில் கிரீஸ் தடவ வேண்டும். இடைத் தகடு வைக்கும்போது போல்ட்டின் நீளத்தையும் பார்க்க வேண்டும்: நீளம் கூடினால் உள்ளங்காலில் குத்தும், குறைந்தால் இரண்டு மரையில் தொங்கி, வழியில் பிடுங்கிக்கொள்ளும். எல்லா போல்ட்டையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கு என்பது ஷிமானோவின் கணக்கு. சிறிய ஆலன் கீயைக் கைப்பலத்தால் நன்றாக இறுக்கினால் போதும். குழாய் மாட்டி முறுக்கக் கூடாது. முதல் சவாரி முடிந்ததும் மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது அவசியம்.

முழங்கால் சொல்லும் கணக்கு

பெருவிரலுக்குப் பின்னாலுள்ள எலும்புத் திரட்சி பெடல் அச்சுக்கு நேர்மேலேயோ, சற்று முன்னாலோ வரும்படி லாடத்தை வைப்பது வழக்கம். நாற்காலியில் கால் தொங்க உட்கார்ந்தால் பாதம் இயல்பாக எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அதே கோணத்தில் லாடமும் இருக்க வேண்டும். அதற்கு எதிராகப் பூட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் முறுக்கப்படும். நிமிஷத்துக்கு 80 சுற்று என்றால் ஒரு மணி நேரத்தில் 4,800 தடவை. வலி வருவதில் வியப்பில்லை.

பலர் மறந்துவிடும் விஷயம் உயரம். இடைத் தகடு 5 மில்லிமீட்டர் தடிமன் என்றால் பாதம் அவ்வளவு மேலே ஏறிவிடுகிறது. சீட்டையும் அதே 5 மில்லிமீட்டர் உயர்த்தினால்தான் பழைய அளவு கிடைக்கும்.

விழாமல் பழக

முதல் நாள் நடுத்தெருவில் பழகக் கூடாது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைப் பூட்டிக் கழற்ற வேண்டும். பிறகு மற்றக் கால். ஸ்பிரிங் இறுக்கத்தைக் குறைக்கும் சிறு திருகு பல பெடல்களில் உண்டு. ஆரம்பத்தில் அதைத் தளர்த்தி வைப்பது நல்லது. பாரடைஸ், பஞ்சகுட்டா போன்ற சிக்னல்களுக்கு ஐம்பது கஜம் முன்பே ஒரு காலைக் கழற்றிவிட வேண்டும். வண்டி நின்ற பிறகு கழற்றப் பார்த்தால் பக்கவாட்டில் சாய்வது உறுதி. சாயும் பக்கம் பஸ் நின்றால் விபரீதம். இந்தப் பழக்கம் கைவராதவர்கள் நெரிசலில் சாதாரணப் பெடலையே மிதிப்பது புத்திசாலித்தனம்.

யாருக்கு எது?

காலைப் பூட்டினால் வேகம் இரட்டிப்பாகும் என்று சொல்வது மிகை. கால் நழுவாது, பாதம் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும், நெடுந்தூரத்தில் அந்த நிதானம் உதவும். உண்மையான லாபம் அதுதான். நீண்டதூரப் பயணங்களில் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்திலும், 300 கிலோமீட்டரை 20 மணி நேரத்திலும் முடிக்க வேண்டும். வழியில் இறங்கிச் சாவடிகளில் அட்டையைக் காட்டி, டீ குடித்து, படியேறி இறங்க வேண்டும். அத்தகையவர்களுக்கும், அதே வண்டியில் ஆபீஸ் போகிறவர்களுக்கும் இரண்டு துளை ஷூவே ஏற்றது. ஒரு பக்கம் எஸ்.பி.டி., மறுபக்கம் தட்டை என்று அமைந்த பெடலைப் போட்டால், வார நாளில் ஆபீஸ் ஷூவோடும் ஞாயிறன்று லாட ஷூவோடும் ஒரே வண்டியை ஓட்டலாம்.

கையில் ஏற்கெனவே மூன்று துளை ஷூ இருப்பவர் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கடைக்குப் போகும்போது ஒரு ஷூவையும் ஒரு பெடலையும் பையில் போட்டு எடுத்துச் சென்று, லாடத்தைக் கடையிலேயே பூட்டிக் கழற்றிப் பார்த்த பிறகே காசை எண்ணிக் கொடுக்கலாம். "ஃபிட் ஆகும்" என்று கடைக்காரர் சொல்வதை அந்த ஒரு சோதனைக்குப் பிறகு நம்பினால் போதும்.