இரவில் மட்டும் மலரும் ஆர்க்கிட்

உலகில் ஏறக்குறைய 25,000 வகை ஆர்க்கிட் செடிகள் உள்ளன. அவற்றுள் சில, இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளுக்காக மணம் வீசும். ஆயினும், அவற்றின் பூக்கள் பகலிலும் விரிந்தே இருக்கும். இரவில் மட்டும் மலரும் ஆர்க்கிட் ஒன்று உண்டென 2011ஆம் ஆண்டில்தான் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது.

பப்புவா நியூ கினியைச் சேர்ந்த நியூ பிரிட்டன் தீவில், மரம் வெட்டும் பகுதி ஒன்றிலிருந்து டச்சு ஆய்வாளர் எட் டி வோகல் அச்செடியைக் கொண்டு வந்தார். நெதர்லாந்தின் லைடன் தாவரவியல் பூங்காவில் அது செழித்து வளர்ந்தது. ஆனால், மொட்டுகள் முற்றியும் மலராமலேயே வாடின. காரணம் அறிய விரும்பிய அவர், செடியைத் தம் வீட்டிற்கே எடுத்துச் சென்று கவனித்தார். இரவு 10 மணியளவில் மொட்டு விரிந்தது! மறுநாள் காலை 10 மணியளவில் மூடிக்கொண்டது. அப்பூவின் வாழ்நாள் அந்த ஓர் இரவே. பகலில் மட்டும் பார்த்தவர்களுக்கு, வாடிய பூ மலராத மொட்டாகவே தோன்றியது.

இச்செடிக்குப் ‘புல்போபில்லம் நாக்டர்னம்’ எனப் பெயரிட்டனர். ‘நாக்டர்னம்’ என்றால் இலத்தீன் மொழியில் ‘இரவுக்குரியது’ என்று பொருள். இதன் மஞ்சள் கலந்த பச்சைப் பூவில் தொங்கும் மெல்லிய உறுப்புகள், பூஞ்சை போலத் தோன்றும் சில உயிரிகளை ஒத்துள்ளன. எனவே, பூஞ்சையைத் தேடிவரும் சிறு ஈக்களை இது ஏமாற்றி வரவழைத்து, மகரந்தச் சேர்க்கைக்குப் பயன்படுத்துகிறது என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். இதனை உறுதிசெய்ய, அது இயல்பாக வளரும் காட்டிலேயே இரவில் காத்திருக்க வேண்டும். அச்செடியோ மரக்கிளைகளில் ஒட்டி வளர்வது. மரங்கள் வெட்டப்பட்டால் அந்த வாய்ப்பும் இல்லாமற்போகும்.