காரை பெயரும் காலனி வீடுகள்

சாத்தூரிலிருந்து வெம்பக்கோட்டை போகும் வழியில் எந்த ஊரில் இறங்கினாலும் ஊருக்கு ஓரமாக ஒரு காலனி இருக்கும். ஒரே அளவில், ஒரே முகத்தோடு வரிசையாக நிற்கும் தொகுப்பு வீடுகள். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் பல வீடுகளில் காரை பெயர்ந்து, துருவேறிய கம்பி எலும்பாய்த் துருத்திக்கொண்டிருக்கும். கட்டிலை எந்த மூலையில் போடக் கூடாது என்பது அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

வீடு கட்டிக் கொடுப்பதில் தமிழ்நாடு சளைத்த மாநிலமல்ல. 1985-ல் தொடங்கிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம், 1997-ல் சமத்துவபுரம், 2010-ல் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்கப் புறப்பட்ட கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 2011-ல் சூரியசக்தி விளக்கோடு பசுமை வீடு, இப்போது 2030-க்குள் 8 லட்சம் வீடு என்ற இலக்கோடு கலைஞரின் கனவு இல்லம். ஆட்சிக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு பெயர். சாவியைக் கொடுத்த அன்றோடு அரசின் கணக்கு முடிந்துவிடுகிறது. பத்து வருடம் கழித்து அந்த வீடு எப்படி இருக்கிறது என்று கேட்க எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. இடிந்த தொகுப்பு வீட்டுக்காரரோ புது வீடு கேட்டு மறுபடி மனு எழுதுகிறார். தேவைப் பட்டியல் நீள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த வட்டாரத்து வீடுகள் சீக்கிரம் தளர்வதற்கு முதல் காரணம் காலுக்குக் கீழேயே கிடக்கிறது. கரிசல் மண் மழையில் உப்பும். கோடையில் சுருங்கி, கை நுழையும் அளவுக்குப் பிளக்கும். வருடா வருடம் இந்த ஏற்ற இறக்கத்தில் அஸ்திவாரம் அசைந்துகொடுக்க, சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கீறல் ஓடும். உள்ளூர்க் கொத்தனாருக்கு இதெல்லாம் பாலபாடம்: கரிசலைத் தோண்டி எறிந்து சுக்கான் தட்டும்வரை இறங்க வேண்டும், கிராவல் கொட்டி இறுக்க வேண்டும், மேலே பெல்ட் கான்கிரீட் போட வேண்டும். ஆனால், தஞ்சாவூருக்கும் சாத்தூருக்கும் திட்டத்தொகை ஒன்றுதான். கடன் வாங்காதவர் வீட்டில் ஆழம் குறையும். அந்தக் குறை பூசி மறைக்கப்பட்டு, நாலைந்து கோடைக்குப் பிறகுதான் வெளியே வரும்.

அடுத்தது கூரை. கம்பிக்குக் கீழே போதிய கனத்துக்குக் கான்கிரீட் இல்லாவிட்டால் ஈரமும் காற்றும் கம்பியை எட்டிவிடும். துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்தது காரையைத் தள்ளும். மொட்டை மாடியில் தட்டோடு பதித்து, தண்ணீர் ஓடுவதற்கு வாட்டம் கொடுத்தால் இதைப் பல வருடம் தள்ளிப்போடலாம். பணம் தீர்ந்துபோகும் கட்டத்தில் முதலில் கைவிடப்படுவது அந்தத் தட்டோடுதான். இத்தனைக்கும் ஆர்.ஆர். நகர் தனியார் ஆலை, ஆலங்குளம் அரசு ஆலை என்று ஊருக்கே சிமெண்ட் செய்து அனுப்பிய மாவட்டம் இது.

பழுது பார்க்கப் பணம்? இங்கே பலருக்கும் வேலை பட்டாசு ஆலையில்தான்; அங்கே பெரும்பாலும் பீஸ் ரேட். சனிக்கிழமை கையில் வரும் கூலி வாரச் செலவுக்கே சரி. மழை வந்தால் காய வைக்க முடியாது, வேலை இல்லை. தீபாவளி முடிந்தால் சில நாள் ஆலைக்கதவு மூடியிருக்கும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்குத் தடை விதித்தபின் மாதக்கணக்கில் ஆலைகள் திறக்காமல் கிடந்ததை யாரும் மறக்கவில்லை. இந்த வருமானத்தில் ஆலையில் வாங்கிய முன்பணக் கடன் அடையும், கூரை அடையாது. வேலை குறையும் காலத்தில் சிலர் திரியும் மருந்தும் வீட்டுக்கே கொண்டுவந்துவிடுகிறார்கள். வீட்டில் வைத்துப் பட்டாசு செய்து வீடே தரைமட்டமான செய்தி வெம்பக்கோட்டைப் பக்கம் புதிதல்ல. ஒற்றை அறை வீட்டில் அடுப்புக்கும் மருந்துக்கும் இடைவெளி எவ்வளவு இருந்துவிடப் போகிறது?

தாமதமாகவேனும் அரசு பழுதின் பக்கம் திரும்பியது. சமத்துவபுரங்களின் சீரமைப்புக்குப் பின், 2024-ல் ஒரு பெரிய அறிவிப்பு: 2000-01க்கு முன் கிராமங்களில் அரசுத் திட்டங்களில் கட்டிய இரண்டரை லட்சம் வீடுகளை 2,000 கோடி ரூபாயில் பழுது நீக்குவது. சராசரியாக வீட்டுக்கு 80,000 ரூபாய். கூரைப்பூச்சுக்கும் தட்டோட்டுக்கும் இது உதவும். அசையும் அஸ்திவாரத்துக்குக் காணாது. அதனால்தான் அடுத்த நிதிநிலை அறிக்கையில், பழுது பார்த்துப் பயனில்லாத வீடுகளை இடித்துக் கட்ட 600 கோடி ரூபாயில் 25,000 வீடுகள் என்று தனித் திட்டம் வந்தது. வீட்டுக்கு 2.40 லட்சம். புதிதாகக் கட்டும் கனவு இல்லத்துக்கோ 3.50 லட்சம், 360 சதுர அடி. சதுர அடிக்கு ஆயிரம் ரூபாய்கூட வரவில்லை. கொத்தனாரிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் சிரிப்பார்.

இன்னொரு விநோதம் எல்லைக்கோடு. கனவு இல்லம் ஊராட்சிகளுக்கு மட்டும். 2021-ல் திருத்தங்கலையும் சேர்த்து மாநகராட்சியான சிவகாசிக்குள் குடியிருப்பவர் சொந்த மனையில் கட்ட, மத்திய, மாநில அரசுகள் நகர்ப்புறத் திட்டத்தில் சேர்த்துக் கொடுத்தது 2.10 லட்சம். ஒட்டியிருக்கும் சித்துராஜபுரமும் விஸ்வநத்தமும் பார்வைக்கு நகரம், சட்டத்துக்கு ஊராட்சி. ஒரே ஆலைக்குப் போகிறவர்கள், ஒரே கடையில் கம்பி வாங்குகிறவர்கள். தெருவைத் தாண்டினால் உதவித்தொகை மாறுகிறது. மனைப்பட்டா இல்லாதவருக்கு இந்த இரண்டு கதவும் மூடியவைதான்.

கட்டிக்கொடுத்தவருக்குப் பராமரிப்புப் பொறுப்பு உண்டா என்ற கேள்வி உலகத்துக்குப் பொது. இங்கிலாந்தில் பூஞ்சை படர்ந்த சமூக வாடகை வீட்டில் வாழ்ந்த 2 வயதுக் குழந்தை 2020-ல் இறந்தபின், ஈரமும் பூஞ்சையும் குறித்த புகாரை இத்தனை நாளுக்குள் விசாரித்துச் சரிசெய்தே ஆக வேண்டும் என்று வீட்டு உரிமையாளர் அமைப்புகளைக் கட்டாயப்படுத்தும் சட்டம் 2023-ல் வந்தது. அங்கே வீடு அந்த அமைப்பின் சொத்து. இங்கே பயனாளியின் சொத்து. ‘உங்கள் வீடு, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று அரசு சொல்ல இடமிருக்கிறது. ஆனால் அளவையும் தொகையையும் தீர்மானித்ததும், கட்டுமானத்தைக் கட்டம் கட்டமாகப் பார்த்துப் பணம் விடுவித்ததும் ஊரக வளர்ச்சித் துறைதான். கரிசலுக்குத் தனி அஸ்திவாரத் தொகையும், பத்தாண்டுக்கு ஒருமுறை பொறியாளர் வந்து கூரையைத் தட்டிப் பார்க்கும் ஏற்பாடும் கேட்பது அதிகமில்லை.

2010-ல் கட்டத் தொடங்கிய கலைஞர் திட்ட வீடுகளுக்கும் பசுமை வீடுகளுக்கும் இப்போது சுமார் பதினைந்து வயதாகிறது. பலவற்றில் சூரிய விளக்கு என்றைக்கோ அணைந்துவிட்டது, கீறல் தொடங்கிவிட்டது. 2000-01 என்று கோடு போட்டிருப்பதால் பழுது நீக்கும் பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை. இப்போது பூசினால் 80,000 ரூபாய்க்குள் முடியும்.