வீடு வாங்கப் போறீங்களா? பைப்பைத் திறந்து பாருங்க

சேமலாப நிதி காசு வாழ்க்கையில் ஒரு தடவைதான் கைக்கு வரும். நம்ம சம்பளத்தில் 8 வீதம், தோட்ட நிர்வாகம் போடுவது 12 வீதம் என்று மாதா மாதம் சேர்ந்த காசு அது. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம். அதோடு கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகளின் காசையும் சேர்த்து டவுன் பக்கம் ஒரு சின்ன வீடு வாங்குகிற குடும்பங்கள் நம்மில் இருக்கின்றன. வீடு பார்க்கப் போகிறவங்க சுவரைப் பார்ப்பாங்க, கூரைத் தகரத்தைப் பார்ப்பாங்க. தண்ணிக்கு மட்டும் ஒரு பைப்பைத் திறந்து, "ஆ, வருது" என்று மூடிவிடுவாங்க. அது போதாது.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா ஹட்டன் பக்கம் ஒரு வீட்டை ஆடி மாதத்தில் பார்த்து வாங்கினாங்க. மழைக் காலம். பைப்பில் தண்ணி பீச்சி அடித்தது. தை மாதம் முடியும்போது சொட்டுச் சொட்டாக வந்து, பிறகு அதுவும் நின்றது. விசாரித்தால், அது தண்ணீர்ச் சபை லைனே இல்லை. மேலே இன்னொருவர் காணியில் இருக்கிற ஊற்றிலிருந்து ஹோஸ் பைப் போட்டு இறக்கிய தண்ணி. "அது பழைய ஆளுக்குப் பழக்கத்தில் கொடுத்தது, உங்களுக்கு இல்லை" என்று காணிக்காரர் சொல்லிவிட்டார். அக்கா கையில் உறுதி இருக்கு, ஆனா குடத்தைத் தூக்கிக்கொண்டு பீலிக்கரைக்குத்தான் போறாங்க. லயத்தில் இருந்தபோதும் அதைத்தானே செய்தாங்க.

அதனால் முதல் கேள்வி, இந்தத் தண்ணி எங்கேயிருந்து வருது? நீர் வழங்கல் சபை லைன் என்றால் மீட்டரைக் காட்டச் சொல்லுங்க, கடைசி பில்லையும் கேளுங்க. பில் யார் பெயரில் இருக்கு, நிலுவை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஊர் குடிநீர்ச் சங்கத்தின் தண்ணி என்றால், வீடு கைமாறினால் இணைப்பு உங்களுக்கு வருமா என்று சங்கத் தலைவரிடமே நேரில் கேளுங்க. ஊற்றுத் தண்ணி என்றால் ஊற்று யார் காணியில் இருக்கிறது, பைப் யார் யார் காணி வழியாக வருது என்று நடந்தே போய்ப் பாருங்க. வாய்ப்பேச்சை நம்பாமல், அந்தச் சம்மதத்தை நொத்தாரிசு மூலம் எழுத்தில் வாங்குங்க. உறுதி முடிந்த பிறகு கேட்டால் யாரும் எழுதித் தர மாட்டாங்க.

முடிந்தால் வரட்சிக் காலத்தில் ஒரு தடவை போய்ப் பாருங்க. ஹட்டன், தலவாக்கலை பக்கம் தை, மாசியில். பதுளை, பண்டாரவளைப் பக்கம் என்றால் ஆனி, ஆடியில்.

இனி வீட்டுக்குள். விடியற்காலையில் போங்க. முதலில் வருகிற தண்ணியை ஒரு வெள்ளைக் கோப்பையில் பிடித்துப் பாருங்க. செம்மண் நிறமாக வந்தால் பழைய இரும்புப் பைப் உள்ளே துருப்பிடித்திருக்கலாம். பிறகு 10 லீற்றர் வாளியை வைத்து மணியைப் பாருங்க. ஒரு நிமிடத்தில் நிறைந்தால் நல்லது, மூன்று நிமிடம் போனால் வேகம் குறைவு. குசினி பைப்பையும் குளிக்கிற பைப்பையும் ஒன்றாகத் திறந்தும் பார்க்கணும். மீட்டர் இருந்தால் எல்லாப் பைப்பையும் மூடிவிட்டு அதிலுள்ள சின்னச் சக்கரத்தைக் கவனியுங்க. தாங்கியும் நிறைந்து நின்ற பிறகு சக்கரம் சுற்றினால் எங்கேயோ தண்ணி ஒழுகுது. சுவரின் அடியில் மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் கையை வைத்துப் பாருங்க, ஈரம் தெரியும்.

வருகிற தண்ணியைப் போலவே போகிற தண்ணியும் முக்கியம். இதைக் கேட்க நம்ம ஆட்களுக்குக் கூச்சம். கூச்சப்படாதீங்க, காசு உங்களுடையது. கக்கூஸில் ஒரு வாளி தண்ணியை ஒரே மூச்சில் ஊற்றுங்க. தண்ணி மேலே எழும்பி மெதுவாக இறங்கினால் பைப் அடைத்திருக்கும், இல்லாவிட்டால் குழி நிறைந்திருக்கும். குழி எங்கே இருக்கு, அது இந்த வீட்டு எல்லைக்குள்தானா, நிறைந்தால் பௌசர் வர பாதை இருக்கா என்று கேளுங்க. கிணறோ ஊற்றோ இருந்தால் குழி 50 அடியாவது தள்ளி இருக்கணும். நம்ம ஊர் மேடு பள்ளமான இடம். மேல் வீட்டுக் குழி நம்ம கிணற்றுக்கு நேர் மேலே இருந்தால் அந்த 50 அடியும் போதாது. பொதுச் சுகாதார பரிசோதகரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்க.

குசினித் தண்ணி பின்னால் மண்மேட்டில் ஊறினால் மண் இளகிவிடும். பக்கத்துக் காணியில் விழுந்தால் அடுத்த மாதமே சண்டை வரும். கான் வெட்டி ஒழுங்காக விட்டிருக்கிறாங்களா என்று பாருங்க.

இதெல்லாம் தெரியாது என்றால் ஒரு பைப் பாஸை அரை நாள் கூலி கொடுத்துக் கூட்டிப் போங்க, விற்கிறவர் சொல்லும் ஆளை அல்ல. திருத்த எவ்வளவு போகும் என்று அவரிடம் கேட்டு எழுதி வாங்குங்க. அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லலாம். "திருத்தித் தருகிறேன்" என்று வீட்டுக்காரர் சொன்னால் என்ன வேலை, எத்தனையாம் தேதிக்குள் என்பதை முற்பண ஒப்பந்தத்தில் எழுத வையுங்க. முற்பணம் கொடுப்பது அதற்குப் பிறகுதான்.